குறைக்காத பாய்

தம்போய் வீட்டிலிருந்து அரை மணி நேரம் மோட்டார் சைக்கிளில் போய், மரினா படகுத்துறையில் ரூபேந்திரனின் பாய்மரப் படகைக் கழுவி, கயிறு மாற்றி, வாரக் கடைசியில் கூடவே கடலுக்கும் போய்வருவதுதான் ஜெயபாலனின் வேலை. ஆறு வருடமாக அதுதான். படகைத் தனியாகக் கொண்டுபோகும் நாள்களில், காற்று வலுத்து அலையின் தலை வெளுக்கத் தொடங்கியதுமே பெரிய பாயை ஒரு மடிப்பு இறக்கிக் கட்டிவிடுவார். முதலாளி படகில் இருந்தால் அது நடக்காது. ஒருமுறை விருந்தாளிகள் முன்னால் கேட்காமல் இறக்கிவிட்டார். ரூபேந்திரன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: “அண்ணே, இனி கேட்டுட்டு செய்யுங்க.” அண்ணன் என்று கூப்பிட்டு அதட்டுவதில் அந்த மனிதருக்கு நிகர் அவரேதான்.

ஜெயபாலனுக்கு வேண்டியிருந்தது ஒரு கடிதம். இத்தனை வருடம் படகில் வேலை பார்த்தார் என்று முதலாளி எழுதிக் கொடுத்தால், படகோட்டி லைசன்சுக்கு மனுப் போடலாம். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு படகுக்குத் தானே தலைவனாக நிற்கலாம். ஆறு மாதமாக இழுபறி. அன்று காலை ரூபேந்திரன், “லெட்டர் பேக்லதான் இருக்கு. கரைக்கு வந்ததும் சைன் பண்ணித் தரேன்” என்றார். கூட வந்திருந்த சிங்கப்பூர் நண்பர்கள் இருவரும் போன்களோடு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

ஒன்பது மணிக்கு மேற்கே வானம் அடியில் கறுத்தது. சுமத்ரா காற்று, திடீரென்று வந்து அடிக்கும் சூறை. அது யாரையும் கேட்டுக்கொண்டு வராது.

“பாஸ், பாயைக் குறைச்சிடலாமா?”

“இப்பதான் ஸ்பீடு வருது லா. கொஞ்சம் இருங்கண்ணே.”

கறுப்பு நெருங்கியது. ஜெயபாலன் மறுபடி வாயெடுத்தார். உள்ளே, பையில், கையெழுத்தில்லாத காகிதம் நினைவுக்கு வந்தது. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவர் போல் நின்றார். பத்து நிமிடம் இருந்தது. ஒரு மடிப்பை இறக்கிக் கட்ட மூன்று நிமிடம் போதும்.

காற்று அடித்ததும் படகு பக்கவாட்டில் சாய்ந்தது. நண்பர்களில் ஒருவர் வாந்தி எடுத்தார். ரூபேந்திரன் சுக்கானை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, “இறக்குங்க, இறக்குங்க” என்று கத்தினார். படகின் மூக்கைக் காற்றை நோக்கித் திருப்பினால்தான் பாய் இறங்கும். அவருக்குத் திருப்பத் தெரியவில்லை. ஜெயபாலன் பாயைப் பிடித்துத் தொங்கி அடி அடியாக இழுத்து இறக்கினார். ஓரக் கயிற்றை உருளையில் சுற்றி இறுக்கும்போது பாய் ஒரு உதறு உதறியது. கயிறு வலது கையை உருளையோடு சேர்த்துக் கடித்தது. மீதியை இடது கையால் கட்டி முடித்தார்.

எல்லாரும் பத்திரமாகக் கரை சேர்ந்தார்கள், இரண்டு விரலைத் தவிர. மரினா அலுவலகத்தில் ரூபேந்திரன் சொன்னது ஜெயபாலன் காதிலும் விழுந்தது: “பாய் அவரு பொறுப்புதான். கொஞ்சம் லேட் பண்ணிட்டாரு.” துண்டால் சுற்றிய கையோடு அவர் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தார். அப்போதும் பேசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளலாம் என்றிருக்கும்.

கடிதம் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டது, கையெழுத்தோடு. மனைவி பிரேமலா படித்துச் சொன்னாள். ‘ஆறு வருட அனுபவம். நேர்மையானவர். சொல்லாமல் எதையும் செய்யமாட்டார்.’

மூன்று மாதம் கழித்து லைசன்சுக்கான உடல் பரிசோதனை. டாக்டர் தன் கையை நீட்டி இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலது கையில் மிச்சமிருந்த விரல்களால் பிடித்தார். டாக்டர் ஃபாரத்தில் ‘தகுதி’ என்ற கட்டத்தைக் கோடு போட்டு அடித்தார்.

பஸ் நிறுத்தத்தில் பிரேமலா கேட்டாள்: “அன்னிக்கு கேக்காம நீங்களே இறக்கியிருந்தா அவரு என்னங்க பண்ணியிருப்பாரு?”

“லெட்டர் தந்திருக்க மாட்டாரு.”

அவள் மடியிலிருந்த கடிதத்தைப் பார்த்தாள். பிறகு அவர் கையைப் பார்த்தாள். பஸ் வந்தது, அவர் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார்.