வாய்க்கால் மேலே நகர்ந்த நட்சத்திரம்

நேற்று பொழுது சாயும் நேரம், பீளமேட்டில் எங்கள் அப்பார்ட்மென்ட் மொட்டை மாடியில் ஒரே கூட்டம்.

வானத்தில் ரயில்பெட்டி மாதிரி வரிசையாகச் சாட்டிலைட்டுகள் போயின. ஆளாளுக்கு வீடியோ எடுத்தார்கள்.

தொண்ணூறுகளில் ஒரே ஒரு சாட்டிலைட் எங்கள் குடும்பத்தைப் படுத்திய பாடு எனக்கல்லவா தெரியும்!

அப்போது கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்களுக்கு வாழைத் தோட்டம். வாய்க்கால் ஆரம்பிக்கும் இடத்திலேயே நிலம். முறை வைத்து விடும் தண்ணீர் போதாதென்று, பொழுது சாய்ந்ததும் அப்பா ஆயில் இன்ஜின் வைத்து வாய்க்காலில் உறிஞ்சுவார்.

(சட்டப்படி கூடாது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் செய்ததால் அதுவே சட்டம் மாதிரி ஆகிவிட்டது.)

அதே வாய்க்காலின் கடைசியில்தான் அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தோம். அங்கே தண்ணீர் போய்ச் சேராது. அந்த வருஷமும் நெல் கதிர் விடும் நேரத்தில் அவள் வயல் வெடித்துக் கிடந்தது.

காலேஜ் லீவில் ஊருக்குப் போன நான், ஒருநாள் அந்தியில் வானத்தைக் காட்டினேன்.

"அப்பா, அங்க ஒண்ணு நகருது பாருங்க. நட்சத்திரமில்லீங்க, சாட்டிலைட்டுங்க."

"அங்கிருந்துட்டு என்ன பண்ணுது?"

"படம் புடிக்குமுங்க. தோட்டம், வாய்க்கால் எல்லாமே தெரியுமுங்க."

(ஃபிசிக்ஸ் படிக்கிற பந்தா. அது ஏதோ பழைய ராக்கெட் துண்டாகக்கூட இருந்திருக்கலாம்.)

"எல்லாமேன்னா?" என்றவர், என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய் இன்ஜினை நிறுத்தினார்.

மறுநாள் பக்கத்துத் தோட்டக்காரர்களிடமும் சொல்லிவிட்டார். "ஏனுங்க, வாய்க்கா ஆபீசர் ஜீப்புல வருவாருன்னு பாத்துட்டிருந்தா, இப்ப ஆகாசத்துல வாராருங்க. நிக்கற நட்சத்திரத்தை நம்பலாம், நகர்றதை நம்பப்படாதுங்க."

அதன்பிறகு அந்தியானால் எல்லோரும் அண்ணாந்து பார்த்து நின்றார்கள். விமானம் போனாலும் சந்தேகம்தான். இன்ஜின்கள் ஒவ்வொன்றாகத் தோட்டத்துக் கொட்டகையான சாளைக்குள் போயின. எங்கள் வாழை கொஞ்சம் வாடியது.

சில நாளில் அக்கா வந்தாள்.

"தம்பி, எங்க வயலுக்குத் தண்ணி வந்துருச்சு கண்ணு. பயிரு பொழச்சுக்குச்சு" என்றவள் அழுதேவிட்டாள்.

அவள் கிளம்பியதும் அப்பாவின் சந்தேகம் என் மேல் திரும்பியது.

"ஏண்டா, அக்கா சொல்லிக்குடுத்துத்தான் அந்தச் சாட்டிலைட்டுக் கதைய அவுத்து உட்டியா?"

"இல்லீங்கப்பா."

"தண்ணி வேணும்னா எங்கிட்ட வாயத் தொறந்து கேட்டிருக்கலாமல்ல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஒவ்வொரு போகத்துக்கும் வந்து கேட்டாளுங்களே. மேல இருந்து எவனோ பாக்கறான்னதும் இன்ஜினை நிறுத்திப்போட்டீங்க. அக்கா பக்கத்துல நின்னு கேட்டப்ப நிறுத்தலைங்களே."

அப்பா சாளைக்குள் போய் இன்ஜினைத் தார்ப்பாயில் சுற்றிக் கட்டினார்.

அதற்கப்புறமும் அந்தச் சாட்டிலைட் தோட்டத்துக்கு மேலே போய்க்கொண்டுதான் இருந்தது. அப்பா அண்ணாந்து பார்க்கவில்லை. இன்ஜினையும் வாய்க்காலில் இறக்கவில்லை.