விழட்டும் என்று நான் ஜெபித்த படை

என் மகள் உயிரோடு இருக்கிறாளா என்று எவரிடமும் கேட்க முடியாத நிலையில் நான் நின்றேன். ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்து வெள்ளிக்கிழமை அது. பரிஸில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற லா ஷப்பேலில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். சுவரில் இருந்த தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் செய்தி ஓடியது. மாலி நாட்டின் காவோ நகரில் பிரெஞ்சு இராணுவ முகாம் மீது கிளர்ச்சியாளர்கள் எறிகணை வீசியிருந்தார்கள். காயப்பட்டவர்கள் உண்டு, இறந்தவர்கள் பற்றிப் பிறகு அறிவிப்போம் என்றார்கள். காசு கொடுத்த மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். அந்த முகாமில் என் ஒரே பிள்ளை ஜெனித்தா தாதியாக இருந்தாள். அது எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் தெரியாது. நான் மறைத்திருந்தேன்.

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்வதற்குத்தான் எழுதுகிறேன். ஆனால் நான் செய்ததைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

நான் இலங்கையில், மன்னாரில் சரித்திரம் படிப்பித்தவன். இங்கே பரிஸில் உணவகச் சமையலறைகளில் உழைத்து ஓய்வு பெற்றேன். இன்றும் எல்லோரும் என்னை மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அமைதிக்கு என்று சொல்லி ஒரு வெளிநாட்டுப் படை எங்கள் நாட்டுக்கு வந்திருந்த காலத்தில், சந்தைக்குப் போன என் தம்பி இரு தரப்புச் சூட்டுக்கும் நடுவில் அகப்பட்டு இறந்துபோனான். யாருடைய குண்டு என்று இன்றுவரை தெரியாது. நான் அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். வெளியிலிருந்து வருகிற படை எந்த நாட்டுக்குப் போனாலும் அது அநியாயம், அதை எதிர்க்கிறவன் பக்கமே நியாயம். அந்த ஒரு தீர்ப்பை உலகம் முழுவதற்கும் வைத்துக்கொண்டேன்.

ஜெனித்தா இங்கே பிறந்தவள். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே தாய் இறந்துவிட்டாள். தாதிப் படிப்பு முடித்து இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தவள், ஒருநாள் வந்து மாலிக்குப் போகிறேன் என்றாள்.

"அப்பா, நான் சுடப் போகேல்லை. காயம் கட்டத்தான் போறன்."

"காயம் கட்டினாலும் நீ போடுற சட்டை ஆரின்ரை சட்டை? எங்கடை ஊருக்கு வந்தவங்களும் உதவிக்கு வந்தனாங்கள் எண்டுதான் சொன்னவங்கள்."

"அது வேறை இடம் அப்பா, வேறை கதை."

"நீ எனக்குச் சரித்திரம் படிப்பிக்காதை. போறதெண்டால் போ. உனக்கு ஏதும் நடந்தாலும் எனக்கு அறிவிக்க வேண்டாம் எண்டு அவங்களுக்குச் சொல்லிப்போட்டுப் போ."

அவள் பிரெஞ்சில், "தக்கோர், பாப்பா" என்றாள். சரி அப்பா என்று அர்த்தம்.

என் பிள்ளை சொன்னால் சொன்னதுதான். அவசரத்துக்கு அறிவிக்க வேண்டியவராக ஒரு சிநேகிதியின் பெயரைக் கொடுத்துவிட்டதாக எனக்குச் செய்தி அனுப்பினாள். எந்தச் சிநேகிதி என்று நான் கேட்கவில்லை. அவளுடைய புதிய தொலைபேசி இலக்கத்தையும் கேட்கவில்லை. இங்குள்ளவர்களிடம், மகள் தெற்கில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள் என்று சொல்லிவைத்தேன்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. சனிக்கிழமைகளில் எங்கள் ஜெபக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தங்கள் விண்ணப்பத்தைச் சத்தமாகச் சொல்வது வழக்கம். நான் எழுந்து, "ஆண்டவரே, ஆபிரிக்காவில் அந்த ஏழை மக்களின் மண்ணை மிதிக்கிற அந்நியப் படையை விழப்பண்ணும்" என்று ஜெபித்தேன். நல்ல தமிழில் ஜெபித்தேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அந்த ஏழை மக்கள்மேல் எனக்கு அக்கறை இருந்தது என்று இப்போது சொல்ல மாட்டேன். மகளோடு போட்ட வாக்குவாதத்தில் ஆண்டவர் என் பக்கம் நின்று என்னை வெல்ல வைக்க வேண்டும் என்பதுதான் என் விண்ணப்பம்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு ஓடிப்போய், இராணுவத்தின் தகவல் இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் மரியாதையாகத்தான் பேசினார். மகள் கொடுத்த பெயர்களில் என் பெயர் இல்லை, அதனால் எதுவும் சொல்ல முடியாது என்றார். நான் அவளுடைய தகப்பன் என்று சொன்னேன். மன்னியுங்கள் ஐயா என்றார். நான் கேட்டுக்கொண்டதை என் மகளும் இராணுவமும் ஒழுங்காக நிறைவேற்றியிருந்தார்கள். ஜெபிக்கலாம் என்று முழங்காலில் நின்றேன். வாய் திறக்கவில்லை. போன மாதம் கேட்டதை இன்று கொடுத்திருக்கிறேன் என்று ஆண்டவர் சொன்னால் நான் என்ன செய்வேன்?

அடுத்த நாள் கூட்டத்துக்குப் போனேன். கூட்டத்தை நடத்துகிற றீற்றா ஒரு தையல் கடையில் வேலை செய்பவர், ஒளிவுமறைவாகப் பேசத் தெரியாதவர். விண்ணப்ப நேரம் வந்ததும் எழுந்து, மாலியில் இருக்கிற அந்தப் படைக்காக ஜெபிக்க வேண்டும் என்றேன்.

"எந்தப் படைக்கு, மாஸ்ரர்? போன மாசம் நீங்கள் விழுத்தச் சொன்ன படைக்கோ?"

"ஓம்."

"நாங்களும் ஆமென் சொன்னனாங்கள். இப்ப ஆண்டவருக்கு என்னெண்டு சொல்லுறது? மாஸ்ரர் மனம் மாறிட்டார் எண்டோ?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"என்ரை மகள் அங்கை நிக்கிறாள்" என்றேன். "அந்த முகாமிலை."

"மாஸ்ரரின்ரை பிள்ளை தெற்கிலை எண்டெல்லோ சொன்னவர்?" என்று ஒரு குரல் கேட்டது.

"நான் சொன்னது பொய்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். அறிவிக்க வேண்டாம் என்று சொன்னதையும் சொன்னேன். இவ்வளவு காலம் அங்கே பேச்சு வல்லவன் என்று பெயர் எடுத்தவன், அன்று ஒரு வசனத்தைக்கூட முழுதாக முடிக்கவில்லை.

றீற்றா எழும்பி வந்து என் கையைப் பிடித்தார். "படையை விடுங்கோ மாஸ்ரர். ஆர் வெல்லுறது, ஆர் தோக்கிறது எண்டதையும் விடுங்கோ. பிள்ளையின்ரை பேரைச் சொல்லுங்கோ."

ஜெனித்தா என்றேன். அவள் போன நாளிலிருந்து எங்கள் ஆட்கள் முன் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். அந்த ஜெபத்தின் நடுவில் எனக்கு ஒரே ஒரு நினைவு வந்தது: உமர்.

உமர் என்னோடு பல வருடம் ஒரே சமையலறையில் வேலை செய்தவர். பரிஸின் புறநகரான லா கூர்னெவில் இருக்கிறார். பரிஸில் இருக்கிற மாலி நாட்டவர்கள் பெரும்பாலும் மேற்கு மாலியில் காய் நகர்ப் பக்கத்து ஆட்கள். உமர் மட்டும் காவோ. அதை நான் ஒருநாளும் பெரிதாக எடுத்ததில்லை. பிரெஞ்சுப் படை முதன்முதலாக அங்கே இறங்கியபோது, உமர் சமையலறையில் கைதட்டினார். கிளர்ச்சியாளர்கள் அவருடைய ஊரைப் பிடித்து, பாட்டையும் வானொலியையும் தடை செய்திருந்தார்கள். கல்யாண வீடுகளில் பாடிப் பிழைத்த அவருடைய தங்கச்சி ஆமினாத்தா வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தாள். "உனக்குச் சரித்திரம் தெரியாது, உமர்" என்று நான் அவருக்குப் பாடம் நடத்தினேன். அவருடைய ஊரைப் பற்றி, அவருக்கே! அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் எங்கள் தமிழ்ப் பொடியன்களோடு பழகியதால் என்னை அண்ணை என்றுதான் கூப்பிடுவார். மற்றதெல்லாம் பிரெஞ்சு. என் தமிழில் எழுதுகிறேன்.

"வாங்கோ அண்ணை. வகுப்பு எடுக்கவோ வந்தனீங்கள்?"

"இல்லை உமர். கும்பிட்டு ஒண்டு கேக்க வந்தனான்."

விஷயத்தைக் கேட்டதும் அவர் சிரிப்பு நின்றது. என்னை இருத்தித் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

"அண்டைக்குப் பிரெஞ்சுப் படை வந்தது எங்களுக்குச் சந்தோசம்" என்றார். "இப்ப அவை போனால் போதும் எண்டு என்ரை ஆக்களே சொல்லினம். ரெண்டும் உண்மை, அண்ணை. ஆனா அதைச் சொல்ல வேண்டியது நாங்கள். நீங்கள் இல்லை."

"ஓம்" என்றேன்.

உமர் காவோவில் இருந்த தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தார். தொடர்பு கிடைக்கவில்லை. குரல் செய்தி ஒன்று அனுப்பினார். மகளின் பெயரை என்னிடம் கேட்டு இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "நானும் தொழுகையிலை கேக்கிறன்" என்றார்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, கோவில் படிக்கட்டின் கீழே உமர் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். றீற்றாதான் என் தோளில் கைவைத்துக் கீழே கூட்டிக்கொண்டு போனார்.

தங்கச்சி பதில் அனுப்பியிருக்கிறாள் என்றார் உமர். வெள்ளிக்கிழமை ஆமினாத்தாவின் அயல்வீட்டுப் பையனுக்கும் எறிகணைச் சிதறல் பட்டிருந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு அவள் முகாம் மருத்துவமனைக்குத்தான் போயிருக்கிறாள். தமையனின் செய்தி அங்கே வைத்துத்தான் கிடைத்திருக்கிறது. "வெள்ளைக்காரியும் இல்லை, எங்கள் நிறமும் இல்லை, பேரீச்சம்பழ நிறத்தில் ஒருத்தி பையனுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு நின்றாள். உன் தகப்பன்தானா என் அண்ணனோடு பரிஸில் சமைத்தவர் என்று கேட்டேன். அழத் தொடங்கிவிட்டாள்" என்று அவள் குரல் செய்தியில் சொன்னதை உமர் மொழிபெயர்த்தார். பிறகு தொலைபேசியை என் காதில் வைத்தார். அதில் என் பிள்ளையின் குரல். தமிழில்.

"அப்பா, நான் சுகமா இருக்கிறன். அறிவிக்க வேண்டாம் எண்டு சொன்னனீங்கள். இவ தேடி வந்து கேட்டபடியால் சொல்லுறன். பிறஷர் குளிசை ஒழுங்காப் போடுறீங்களே? காலமை போடுங்கோ, மத்தியானம் இல்லை."

நான் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். றீற்றாவும் அழுதார், உமரும் அழுதார்.

ஜெனித்தா பத்திரமாகத் திரும்பி வந்தாள். விமான நிலையத்தில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சரி அப்பா, ஆக்கள் பாக்கினம்" என்றாள். அவ்வளவுதான். இப்போது ஞாயிறு தோறும் வந்து என்னோடு சாப்பிடுகிறாள். படைகள் பற்றி இன்னும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, அதைச் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிறோம். அந்தப் படையும் பிறகு மாலியை விட்டு வெளியேறிவிட்டது. அது சரியா பிழையா என்று நான் ஒருவருக்கும் பாடம் எடுப்பதில்லை. சனிக்கிழமைகளில் எங்கள் கூட்டத்தில் ஆமினாத்தாவின் பெயரையும் அந்தப் பையனின் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறோம்.

அந்த எறிகணை வீச்சில் பிள்ளையை இழந்த தாய்மாரும் ஜெபித்திருப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். என் முதல் ஜெபத்தைக் கேட்டும் கேளாதவர்போல் இருந்தாரே, அந்த இரக்கத்தை நான் கண்டேன். நான் பாடம் நடத்தி அவமானப்படுத்திய மனிதனையும் அவருடைய தங்கச்சியையும் கொண்டே எனக்குப் பதில் அனுப்பினார். அந்த ஆண்டவரை நீங்களும் முழுதாக நம்பலாம்.

உங்களில் யாராவது கோபத்தில் சொந்தப் பிள்ளைக்கு எதிராக ஜெபித்திருந்தால், அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தால், சனிக்கிழமை எங்களிடம் வாருங்கள். எழுந்து நின்று அந்தப் பெயரைச் சொல்லுங்கள். ஆண்டவர் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார். றீற்றா கேட்பார். பயப்படாமல் பதில் சொல்லுங்கள்.