ஹெப்சி அக்காவின் வறுத்த மணல்

நாலு கிலோ மணலைத் தோளில் சுமந்துகொண்டு மலை ஏறிய ஆட்டோக்காரன் திருத்தணியில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். சுமக்கச் சொன்னது ஹெப்சி அக்கா. மலையில் மணல் கிடைக்காதா என்று கேட்டதற்கு, "அது ஈர மணல்டா, தணிகை. இது இருபத்திரண்டு கிறிஸ்துமஸுக்கு வறுத்த மணல். சொன்ன பேச்சு கேக்கும்," என்றார். பொதட்டூர்பேட்டை லுங்கி ஒன்றில் மூட்டை கட்டி என் தோளில் வைத்துவிட்டு, முட்டைக் கூடையைத் தான் தூக்கிக்கொண்டார். எனக்கு முட்டி வலி இருக்கிறதே, அதை யார் கேட்டார்கள்?

அக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. அம்மையார்குப்பத்தில் பிறந்தவர். அப்பா சபையில் உபதேசியாராக இருந்தவர். கணவர் காலமான பிறகு அண்ணன் டேவிட்சன் வீட்டுக்கு வந்து, மாணவிகள் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறார். தினமும் விடியலில் அவரை அங்கே இறக்கிவிடுவது என் ஆட்டோதான். டிசம்பர் வந்தால் அக்கா வீட்டு வாசலில் எங்கள் தெருவே நிற்கும். விறகடுப்பில் பெரிய குண்டானை ஏற்றி, அடியில் மணலைப் பரப்பி, அதன்மேல் மாவு ஊற்றிய பாத்திரத்தை வைத்து மூடி, மூடியின் மேலும் கங்குகளை அள்ளிப் போடுவார். ஒரு மணி நேரத்தில் கேக் உப்பிக்கொண்டு நிற்கும். ஓவன் வாங்கித் தருகிறேன் என்று அண்ணன் சொன்னபோது, "எனக்கு எதுக்கு அந்தப் பொட்டி?" என்று ஒரே போடாகப் போட்டார்.

விடுதிச் சமையலறை ஜன்னலில் நின்றால் வடக்கே நகரி மலை தெரியும். பதினொரு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டே அரிசி களைகிறவர் அக்கா. "அங்க போயி ஒரு ராத்திரி படுத்து எழுந்து வரணும்டா," என்பார். ஆசைதான், வேறொன்றுமில்லை. ஆனால் எங்கள் ஊரில் மலை ஏற ஒரு காரணம் வேண்டும். எனக்குக் காவடி இருக்கிறது. என் மனைவி துர்காவுக்குப் படி பூஜை இருக்கிறது. உபதேசியார் மகளுக்கு எந்த வேண்டுதலும் கிடையாது. ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பொம்பளை சும்மா மலைக்குப் போய்ப் படுத்துவிட்டு வருகிறேன் என்றால் ஊர் என்ன சொல்லும் என்று டேவிட்சன் அண்ணன் கேட்டார். அவர் சபை மூப்பர் வேறு. அக்காவும் வாயை மூடிக்கொண்டார்.

அந்தக் காரணத்தை ராஜகோபால் சார் கொண்டுவந்தார். சென்னையில் வங்கி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதம் ஒரு தடவை பத்துப் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, வனத்துறையில் அனுமதி வாங்கி, ஏதாவது ஒரு மலையில் ஒரு ராத்திரி தங்கி வருவார். அவர்களை ஸ்டேஷனிலிருந்து ஏற்றிப் போகிறவன் நான். சமையலுக்கு ஆள் வேண்டும் என்றார், அக்கா பெயரைச் சொன்னேன். அந்தத் தடவை நகரி மலை. கூட்டத்தில் அனுராதா மேடம் என்று ஒருவருக்கு அறுபதாவது பிறந்தநாளாம்.

"கேக்கைச் சென்னையிலிருந்தே வாங்கிட்டு வந்துடறோம்மா. நீங்க சாப்பாடு மட்டும் பாருங்க," என்றார் சார்.

அக்கா விட்டாரா? "மூணு மணி நேரம் வெயில்ல தூக்கினு போனா அது கேக்கா இருக்காதுங்க, கூழாயிடும். மேலயே நான் சுட்டுத் தர்றேன்."

"விறகுல வெச்சா? வராம போச்சுன்னா?"

"வராம போச்சுன்னா மறுபடி என்னைக் கூப்பிடாதீங்க."

ஆழம் தெரியாமல் காலை விடுவது இதுதானே? சார் சிரித்தார். "வந்துச்சுன்னா வருஷம் பூரா எல்லா மலைக்கும் நீங்கதான்மா," என்றார். சமையல் வேலை என்றதும் டேவிட்சன் அண்ணனும் கொஞ்சம் இறங்கி வந்தார். "ஒருவாட்டி போயிட்டு வா. அவங்களா திரும்பக் கூப்ட்டா அப்புறம் பாக்கலாம்," என்றார். ஆக, அக்காவின் மலை மொத்தமும் அந்த ஒரு கேக்கில் வந்து நின்றது.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஓடைக்கரைப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தோம். விலை உயர்ந்த ஷூ போட்டவர்கள் எல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டு வர, ரப்பர் செருப்போடு அக்கா முதல் ஆளாக ஏறியிருந்தார். வந்ததும் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார். மைதா, நாட்டுச் சர்க்கரை, முட்டை, நெய் எல்லாம் கலந்து முடித்து, "தணிகை, ஆப்ப சோடா குடு," என்று கையை நீட்டினார்.

மணல் மூட்டையில் செருகியிருந்த காகிதப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். பிரித்தார். கமகமவென்று திருநீறு மணந்தது.

முதல் நாள் கிருத்திகை. மலைக்கோவிலில் வாங்கிய திருநீறும், மளிகைக் கடையில் வாங்கிய சோடாவும் என் சட்டைப் பையில் ஒன்றாகக் கிடந்தன. இரண்டும் பொட்டலம், இரண்டும் வெள்ளை. ஒன்றைத் துர்காவிடம் கொடுத்தேன், இன்னொன்றை மூட்டையில் செருகினேன்.

"டேய், இன்னாடா இது?"

"திருநீறுக்கா."

"அது தெரியுது. இத்த நெத்தியில இட்டுகினா நீ எழுந்திருப்ப. கேக் எழுந்திருக்குமா?"

அதற்குமேல் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். பாறையில் உட்கார்ந்து, கையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "பதினொரு வருஷம் பாத்துகினே இருந்தேன். ஒரு நாளோட முடிஞ்சிடுச்சு," என்றார். கண் கலங்கியிருந்தது. என்னை நானே நாலு சாத்து சாத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த நேரத்தில்தான் கண்ணையன் வந்தார். அந்தப் பக்கத்து ஈச்ச மரங்களில் கள் இறக்குகிறவர். அந்த மலை ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது, அங்கே கள்ளுக்குத் தடை இல்லை. கூட்டத்தைப் பார்த்து, தோளில் பானையோடு வந்து, கள் வேண்டுமா என்று தெலுங்கில் கேட்டார். பானை வாயில் நுரை பொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது.

"அக்கா, எங்க அத்தை ஆப்ப மாவுக்குக் கள்ளு ஊத்துவாங்க. பூவாட்டம் உப்பும்."

நான் அடித்துவிட்டதைப் போல அக்கா என்னைப் பார்த்தார். "எங்கப்பா கள்ளுக்கடை வாசல்ல நின்னு பிரசங்கம் பண்ணவருடா. பதினாறு வயசுல நான் சபையில எழுந்து நின்னு, வாயில வெக்க மாட்டேன்னு சொல்லிகீறேன்."

அக்கா மலை உச்சியைப் பார்த்தார், மாவைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "என் வாயில வெக்க மாட்டேன்னுதான் சொன்னேன். மாவுக்கு நான் எதுவும் சொல்லலியே," என்றார். கையைக் கழுவிக்கொண்டு கண்ணை மூடி, "ஆண்டவரே, இது மாவுக்கு," என்று எனக்கும் கேட்கும்படியாகவே ஜெபம் பண்ணினார். ஒரு சொம்பு வாங்கி ஊற்றினார்.

"முட்டி வலிக்குதுக்கா, எனக்கு ஒரு டம்ளர்."

"உனக்குத் திருநீறு இருக்குது, பூசிக்க."

வெயிலில் காய்ந்த பாறைமேல் மாவை மூடி வைத்தோம். ஐந்து மணிக்கு மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு வெளியே எட்டிப் பார்த்தது. அக்கா அதைப் பாதிப் பாத்திரத்துக்கு ஊற்றி, மணல் காய்ந்த குண்டானுக்குள் இறக்கி, மேலே கங்கைப் பரப்பினார். ஒரு பக்கம் சாம்பார் கொதித்தது, அக்கா காது முழுக்கக் குண்டானில்தான் இருந்தது. இருட்டுகிற நேரம் கங்கைத் தள்ளி மூடியைத் திறந்தார். செம்பழுப்பாக, நடுவில் வாய் பிளந்துகொண்டு, பாத்திர விளிம்புக்கு மேலே இரண்டு விரல்கடை கேக் எழுந்து நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள்.

அனுராதா மேடம் வெட்டி வாயருகே கொண்டுபோனார். அப்போது போய் அக்கா, "மேடம், ஒண்ணு சொல்லிடறேங்க. சோடா இல்ல, இதுல கள்ளு ஊத்திகீறேன். வேணாம்னா சாப்பிடாதீங்க," என்றார். எனக்கு உயிரே போயிற்று. இந்தப் பொம்பளைக்கு வாயை அடக்கவே தெரியாதா?

மேடம் ஒரு நொடி கேக்கைப் பார்த்தார். "அறுபது வருஷத்துல இன்னிக்குத்தான்மா முதல் தடவை கள்ளு," என்று சொல்லி, முழுத் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டார். அடுத்த துண்டு ராஜகோபால் சாருக்கு. மென்று முடித்துவிட்டு, "அடுத்த மாசம் எந்த மலைன்னு நீங்களே சொல்லுங்கம்மா," என்றார். அக்கா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். புகை என்றார்.

அன்று பாறையில்தான் படுத்தார். விடிந்ததும் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, விளிம்பில் நின்று தெற்கே பார்த்து, "நம்ம விடுதி ஜன்னல் எதுடா?" என்று தேடினார். கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஆனாலும் அந்தப் பக்கமாகக் கையை ஆட்டினார்.

ஊருக்குத் திரும்பியதும் முதலில் என் வீடு. துர்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "இது எந்தக் கோவில் திருநீறு? நெத்தியெல்லாம் அரிக்குது." அக்கா சிரித்த சிரிப்பில் கூடையிலிருந்த சொம்பு உருண்டு விழுந்தது.

டேவிட்சன் அண்ணன் வீட்டில்தான் எனக்குப் பயம். இலையில் சுற்றிக்கொண்டு வந்திருந்த கேக்கில் இரண்டு துண்டு அவர் உள்ளே போன பிறகு, "இவ்ளோ மெத்துன்னு கிறிஸ்துமஸுக்குக் கூட நீ சுட்டதில்ல," என்றார். அக்கா நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார். சபை மூப்பர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் செருப்பைத் தேடினேன்.

அவர் வாயில் இருந்ததை விழுங்கினார். "இந்தக் கள்ளு இங்க கிடைக்காது இல்ல?"

"ஆங். மலைக்குத்தான் போவணும்."

அண்ணன் மிச்சமிருந்த துண்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "அடுத்த மாசம் என்னிக்குக் கிளம்பறீங்க?" என்றார்.