வசனம் எடுத்துக்கொடுக்காத நடிகர்

சென்ற மார்ச் மாதத்தில், மான்ட்ரியல் டவுன்டவுனில் உள்ள சிறிய திரையரங்கு ஒன்றில் நடந்தது இது. என் மனைவி காலமாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன.

நார்வே நாட்டு நடிகர் ஒருவர் மீது அவளுக்குப் பெரும் மதிப்பு. வடகடலோர மீனவக் குடும்பத்தில் பிறந்து, இளமையில் படகில் ஊர் ஊராகச் சென்று நாடகம் போட்ட குழுவில் வளர்ந்து, நடுவயதைக் கடந்த பிறகே திரைக்கு வந்தவர் அவர். அதிகம் பேசாத தந்தையாகவும் பாதிரியாராகவும் அவர் நடித்த படங்களைப் பனிக்கால மாலைகளில் சப்டைட்டிலுடன் சேர்ந்து பார்ப்போம். அவர் மான்ட்ரியலுக்கு வந்து ரசிகர்களுடன் உரையாடப்போகிறார் என்று அறிந்ததும் அவள் இரண்டு டிக்கெட் வாங்கிவைத்திருந்தாள்.

துக்கம் நடந்த வீட்டிலிருந்து திரையரங்குக்குப் போவது எங்கள் வழக்கமில்லை. ஆனால் மான்ட்ரியலின் புறநகரான ரொக்ஸ்பரோவில் எங்கள் பக்கத்து வீட்டில் வசிக்கும் யாழ்ப்பாணத்து நண்பர் அன்று மாலை கார்ச் சாவியோடு வந்து நின்றார்.

“வெளிக்கிடுங்கோ சேர். என்ர தங்கச்சி ஒஸ்லோவிலதான் இருக்கிறாள். அவளுக்கே இந்த ஆளைத் தெரியாது, அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு!”

என் மனைவியை அவர் அக்கா என்றுதான் அழைப்பார். “ஊர் என்ன சொல்லும்?” என்றேன்.

“எங்கட ஊரில பாதி நோர்வேயிலதான் இருக்கு. அவையள் ஒண்டும் சொல்லமாட்டினம். வாங்கோ.”

என்னை அழுத்திக்கொண்டிருந்தது வேறொன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்தில் நான் அவளைப் பற்றிப் பேச வேண்டும். பல்கலைக்கழகத்தில் வாழ்நாளெல்லாம் விரிவுரை ஆற்றியவன் நான். ஆயினும் அவள் இறந்துவிட்டாள் என்பதை அதுவரை எவரிடமும் வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. உறவினர்களுக்குச் செய்தி சொன்னதுகூட மகள்தான்.

திரையரங்கில், ரசிகர்களின் கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கி எழுந்து நின்றேன். “என் மனைவி…” என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். குரல் நின்றுவிட்டது. நிகழ்ச்சியை நடத்தியவர் மைக்கை என்னிடமிருந்து வாங்கி வேறொருவருக்குக் கொடுக்கக் கை நீட்டினார். நடிகர் அவரைத் தடுத்தார். மேடை விளிம்பில் வந்து அமர்ந்து என்னைப் பார்த்தபடி இருந்தார். அந்த முகத்தில் இரக்கம் இல்லை; நான் சொல்லப்போவதைக் கேட்கும் விருப்பம் மட்டுமே இருந்தது. அரங்கம் காத்திருந்தது.

“என் மனைவி இறந்துவிட்டாள். இது அவள் கேட்க நினைத்த கேள்வி. படங்களில் அவ்வளவு நேரம் பேசாமல் நிற்கிறீர்களே, அப்போது எதைப் பற்றி யோசிப்பீர்கள்?”

“பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டைப் பற்றி” என்றார்.

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அதன்பின் அவர் நிதானமாக விளக்கினார். உடன் நடிப்பவருக்கு வசனம் மறந்துபோனால் எடுத்துக்கொடுக்கக் கூடாது என்பது அந்தப் படகுக் குழுவின் வழக்கமாம். மறந்தவரின் முகத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். வசனம் தானாக வருமாம். பேசாமல் நிற்கும் பழக்கம் அங்கே வந்ததுதான் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என் பேச்சு பாதியில் நின்றது. யாரோ தண்ணீர்க் குவளையுடன் எழுந்தார். முன்வரிசையில் இருந்த பக்கத்து வீட்டு நண்பர் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்து, “இருங்கோ, அவர் கதைப்பார்” என்றார். கதைத்தேன். அவளைப் பற்றிச் சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்லி முடித்தேன்.

இப்போதெல்லாம் துக்கம் விசாரிக்கச் சென்ற வீட்டில் எதிரில் இருப்பவரின் பேச்சு நின்றுபோனால், நான் ஆறுதல் வார்த்தை தேடுவதில்லை; எனக்காகக் காத்திருந்த அந்த நடிகரை நன்றியோடு நினைத்து, துக்கத்தில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தபடி அமர்ந்திருக்கிறேன்.