சைக்கிள் வீரனுக்கு உளுத்தங்களி

போன ஞாயிற்றுக்கிழமை ஊர்காவற்றுறையில் நடந்த சைக்கிள் ஓட்டப் போட்டியில் எங்கள் வீரன் மரியதாஸ் ஆறாவதாக வந்தான்.

ஆறாவது! கண்ணை மூடிக்கொண்டு முதலாவதாக வரவேண்டியவன். ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். சோளகக் காற்றாம். கண்ணூறாம். செயின் இறுக்கமாம்... உண்மையான காரணம் எனக்குத் தெரியும். எங்கள் கொமிற்றிதான் காரணம். அந்தக் கொமிற்றியின் செயலாளர் — வேறு யார்? — பள்ளிக்கூட மாஸ்டராகிய அடியேன்தான்.

வாரா வாரம் மற்றவர்களின் மடத்தனத்தை எழுதியே பத்திரிகையில் இந்த இடத்தை நிரப்பி வருகிறேன். இந்த வாரம் என் முறை.

மரியதாஸுக்கு இருபத்துமூன்று வயது. விடியற்காலையில் இறங்குதுறையில் மீன் எடுத்து, பெட்டியைக் கரியரில் இறுக்கிக் கட்டி, யாழ்ப்பாணச் சந்தை வரைக்கும் மிதிப்பான். பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்று அடித்தால் மற்றவர்கள் இறங்கி உருட்டுவார்கள். இவன் இறங்கமாட்டான். மீன் பழுதாகிவிடுமே! திரும்பும்போது வெறும் பெட்டியுடன் பஸ்ஸோடு போட்டி போடுவான். அந்த பஸ்ஸுக்குள் நானும் இருந்திருக்கிறேன். தோற்றது நாங்கள்தான்.

ஞாயிறு ஓட்டத்தில் முதல் ஆறு இடம் பிடிப்பவர்கள் இரண்டு மாதம் கழித்து யாழ்ப்பாணத்தில் நடக்கும் பெரிய ஓட்டத்துக்குப் போகலாம். அதில் வெல்பவரை ஒரு அரசாங்கக் கூட்டுத்தாபனம் தன் விளையாட்டுக் குழுவில் சேர்த்து, நிரந்தர வேலையும் கொடுக்கிறது. மரியதாஸுக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். அவனும் மாமன் மகள் ஸ்ரெல்லாவும் மூன்று வருடமாக விரும்புகிறார்கள். மாமனோ, உத்தியோகக்காரனுக்குத்தான் பெண் கொடுப்பேன் என்று ஒரே பிடியில் நிற்கிறார். வருடம் பிறந்தால் வேறு இடம் பார்ப்பாராம்.

இப்படி ஒருவன் தன்பாட்டில் வெல்லப் போகிறான் என்றால் ஊர் சும்மா இருக்குமா? உடனே ஒரு கொமிற்றி அமைத்தோம்.

தலைவர், ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து பென்சன் எடுத்தவர். ஆங்கிலப் பத்திரிகை மட்டுமே வாசிப்பவர். ஆகவே தைரியமாக எழுதுகிறேன். அந்த நேரம் பார்த்து அவருடைய அக்கா மகன் லண்டனிலிருந்து லீவில் வந்திருந்தார். டொக்டர். உடற்பயிற்சி செய்யும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று அங்கே ஆராய்ச்சி செய்கிறாராம். இதற்கு என்ன ஆராய்ச்சி? வியர்க்கும், இளைக்கும், பசிக்கும். இதைக் கண்டுபிடிக்க லண்டன் வரைக்கும் போகவேண்டுமா?

டொக்டர் மரியதாஸை ஒரு வாங்குப் பலகையில் ஐந்து நிமிடம் ஏறி இறங்கச் சொன்னார். ஏறுமுன் நாடி பார்த்தார், இறங்கியபின் பார்த்தார். கொப்பியில் எழுதினார். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு.

"மாமா, இது அருமையான இதயம்" என்றார். "ஒரு அடியிலேயே நிறைய ரத்தம் தள்ளுது. அதுதான் மெதுவா, ஆறுதலா அடிக்குது. இவர் மீன் கொண்டுபோறதை நிப்பாட்டவேண்டாம், அதுதான் இவருக்குப் பயிற்சி. சாப்பாட்டை மட்டும் கொஞ்சம் கூட்டினால் காணும்."

சொல்லிவிட்டு லண்டனுக்குப் போய்விட்டார். கொமிற்றி கூடியது. டொக்டர் சொன்னதில் எங்கள் தலையில் தங்கியவை இரண்டே இரண்டு. நாடி குறைவு. சாப்பாட்டைக் கூட்டு.

"நாற்பத்தெட்டு எண்டா என்ன மாஸ்டர்?" என்று தலைவர் கவலைப்பட்டார். "இந்த வயசில எனக்கே எழுபத்தெட்டு அடிக்குது. பொடியனுக்கு ரத்தம் காணாது."

"ஆனா டொக்டர் தம்பி அதை நல்லது எண்டெல்லோ..." என்று இழுத்தேன்.

"அது பொடியன் பயப்பிடக் கூடாது எண்டு சொன்னது. இன்னொண்டு மாஸ்டர். மீன்பெட்டியோட திரியிறதையும் நிப்பாட்டோணும். எங்கட வீரன் எண்டு மேடையில சொல்லேக்க... ஒரு இது இருக்கல்லோ?"

அந்த 'ஒரு இது' என்னவென்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததை எதற்குக் கேட்பது? கூட்டக் குறிப்பில் அழகான கையெழுத்தில் எழுதினேன்: வீரருக்குப் பூரண ஓய்வும் போஷாக்கும் அளிக்கப்படும்.

போஷாக்குப் பொறுப்பைத் தலைவரின் மனைவி பரமேசு அக்கா எடுத்துக்கொண்டார். நம் தீவுப்பகுதியில் போஷாக்கு விஞ்ஞானம் என்று ஒன்றுதான் உண்டு — பெண்பிள்ளை வயதுக்கு வந்து சாமத்தியப்பட்டால் கொடுப்பது. விடிய எழும்பியதும் பச்சை முட்டை, அதற்கு மேல் நல்லெண்ணெய். பிறகு நல்லெண்ணெய் மிதக்கும் உளுத்தங்களி. பின்னேரம் முட்டைக் கோப்பி. வெயில் படக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, வெளியே திரியக்கூடாது. இந்த விஞ்ஞானத்தில் ஒரு எழுத்தும் மாற்றாமல் ஆறு வாரம் மரியதாஸ்மேல் பிரயோகித்தோம். சடங்கு வைத்து ஆலாத்தி எடுக்காததுதான் குறை!

ஊர்ச் சனத்தின் அன்பையும் சொல்லவேண்டும். கியூவில் நின்று எடுத்த கூப்பன் சீனியில் கரண்டி கரண்டியாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு வெறும் தேத்தண்ணீர், மரியதாஸுக்குச் சீனி. தலைவர் வீட்டுக் கேற்றடி அறையில் அவனுக்குக் கட்டில் போட்டோம். விஞ்ஞானம் தலைவர் வீட்டுக் குசினி அடுப்படி வரைக்கும் போய் வந்தது. மரியதாஸுக்கு விறாந்தையைத் தாண்டி உள்ளே வர அனுமதி இல்லை.

இரண்டாம் வாரம் அவன் என்னிடம் கெஞ்சினான். "மாஸ்டர், கால் உளையுது. ஒருக்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு ரவுணுக்குப் போட்டு வரட்டே?"

"பொறும் தம்பி. சக்தியைச் சேமியும்" என்றேன். எவ்வளவு பொறுப்பான பதில் பாருங்கள்!

ஆறு வாரம் முடிந்தது. கன்னம் உப்பி, சேர்ட்டுப் பொத்தான் இழுபட, மரியதாஸ் பார்க்கப் புது மாப்பிள்ளைபோல இருந்தான். கடைசி வெள்ளிக்கிழமை நானே நாடி பார்த்தேன். எழுபத்திரண்டு.

"ஆ! இப்பதான் மனுசன்ர நாடி!" என்று தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பரமேசு அக்கா சாமியறையில் கற்பூரம் கொளுத்தினார். என்ன சாதனை! முதல்தரமான இதயம் ஒன்றை ஆறே வாரத்தில் தலைவருடைய இதயத்துக்குக் கிட்டக் கொண்டுவந்துவிட்டோமே!

ஞாயிறு விடிந்தது. ஓட்டம் ஏழு மணிக்கு. ஆறு மணிக்கே அக்கா களியோடு வந்துவிட்டார்.

"ஏலாது அக்கா... வயிறு நிறைஞ்சுபோய்க் கிடக்கு."

"இண்டைக்குத்தானே மோனை சத்து வேணும். இந்த ஒரு உருண்டை மட்டும்."

ஒன்று மூன்றாகி முடிந்தது.

இறங்குதுறையில் தொடங்கி, சாட்டிக் கடற்கரைக்குப் போய்த் திரும்பி வரவேண்டும். தலைவரும் நானும் வாடகைக் காரில் பின்னால் போனோம். புளியங்கூடல் வரைக்கும் மரியதாஸ்தான் முன்னுக்கு. தலைவர் காருக்குள் இருந்தே கை தட்டினார். வேலணையில் பார்த்தால் மூன்றாவது. சோளகம் நேரே முகத்தில் அடித்தது. பண்ணையில் இதைவிடப் பெரிய காற்றைக் கிழித்துக்கொண்டு போனவன், வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்தான். சாட்டியில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு பனைக்குப் பின்னால் ஓடினான்.

அக்காவின் உளுத்தங்களி முழுவதும் மணலில் கிடந்தது. தலைவர் மற்றப் பக்கம் பார்த்தார்.

அந்த நேரத்தில் ஒரு சைக்கிள் எங்களைத் தாண்டிப் போயிற்று. சின்னராசா. புளியங்கூடலில் வீடு வீடாகப் பேக்கரிப் பாண் கொண்டுபோய்க் கொடுப்பவன். அன்றும் விடியற்காலையில் பாண் கொடுத்து முடித்துவிட்டு, ஒரு பிளேன்ரீயும் கால் றாத்தல் பாணுமாக வந்து நின்றவன். சைக்கிளில் கரியரைக்கூடக் கழற்றவில்லை. கடைசியில் முதலாவதாக வந்தது அவன்தான்.

மரியதாஸ் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்ப ஏறினான். எப்படித்தான் மிதித்தானோ... ஆறாவது இடத்தை ஒரு சைக்கிள் சில்லு இடைவெளியில் பிடித்தான். முடிவுக் கோட்டில் மாமனும் ஸ்ரெல்லாவும் நின்றார்கள். மாமன் மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். எனக்கு வெட்கமாக இருந்தது. செயலாளர் என்று நெஞ்சில் குத்தியிருந்த பட்ஜைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டேன்.

அடுத்த நாள் விடிய இறங்குதுறைக்குப் போனேன். மரியதாஸ் மீன்பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, நாங்கள் பிழை விட்டிட்டம்" என்றேன்.

"ஓம் மாஸ்டர்."

இல்லை மாஸ்டர், பரவாயில்லை மாஸ்டர் என்று சொல்வான் என எதிர்பார்த்திருந்தேன். அவன் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான்.

"பெட்டியை விடவேண்டாம் எண்டு டொக்டர் ஐயா சொன்னது எனக்கும் கேட்டது. நீங்கள் படிச்ச ஆக்கள் வேற மாதிரிச் சொன்னியள். நான் உங்களை நம்பினனான்."

வந்த மற்ற விஷயத்தையும் மென்று விழுங்கிச் சொன்னேன். பெரிய ஓட்டத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. முட்டையையும் களியையும் இரண்டு மடங்காக்கத் தலைவர் முடிவு செய்திருக்கிறார்.

மரியதாஸ் முதல் தடவையாகச் சிரித்தான்.

"அக்கான்ர மனம் நோகக் கூடாது மாஸ்டர். அதை நிப்பாட்டவேண்டாம். புளியங்கூடல் சின்னராசாவுக்குக் குடுக்கச் சொல்லுங்கோ. வெல்லுற ஆளைத்தானே கொமிற்றி பாக்கோணும்? பாண்பெட்டியை வீட்டில வைச்சிட்டு, மத்தியானத்தில நல்லா நித்திரையும் கொள்ளட்டும்."

ஏறினான். ஒரு மிதி, இரண்டு மிதி... காற்றுக்குள் போய்விட்டான்.

இன்று பின்னேரம் கொமிற்றி கூடுகிறது. தீர்மானத்தை முன்மொழியப் போவது நான்தான். சின்னராசா இந்தப் பத்தியை வாசிப்பதில்லை என்று நம்புகிறேன்.