அக்காவின் அரைமணி நேரமும் எங்கள் ஜெனரேட்டரும்

நினைவு மலருக்கு எழுதுபவர்கள் கண்ணீரோடு எழுதுவது வழக்கம். நான் எரிச்சலோடு எழுதுகிறேன். உறவினர்கள் பொறுத்தருள வேண்டும். அக்காவும் பொறுத்துக்கொள்வார். எங்களையெல்லாம் பொறுத்துப் பொறுத்தே பழகிப்போனவர் அவர்.

குருநகரில் கடற்றொழில் செய்த குடும்பத்தின் மூத்த மகளாக அக்கா பிறந்தார். அம்மா நோயில் விழுந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தம்பி தங்கைகளான எங்களுக்குச் சமைத்துப் போட்டு வளர்த்தார். பிறகு திருமணமானது, பிள்ளைகள் பிறந்தார்கள். ஒருநாள் தொழிலுக்குப் போன அத்தான் திரும்பவில்லை. வள்ளமும் கரைசேரவில்லை. ஷெல்லடிக்குப் பயந்து நாங்கள் கொழும்புத்துறைக்கு இடம்பெயர்ந்தபோதும் அக்கா அழுததை நான் காணவில்லை. விடிய எழும்பி இடியப்பம் அவித்து விற்றார். பிள்ளைகளைப் படிப்பித்தார். அயலில் யாருக்குப் பிரசவம் என்றாலும் கூப்பிட்டவுடன் ஓடினார்.

பின்னேரத்தில் மட்டும் அரைமணி நேரம் கோவிலில் போய் இருப்பார். இருப்பது கடைசி வாங்குப் பலகை, மடியில் வெறுங்கை. செபமாலையும் இல்லை, செபப்புத்தகமும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“அக்கா, அங்கை போய் என்ன செய்யிறனீங்கள்?”

“ஒண்டும் செய்யிறேல்லை.”

“செபமாலையாவது சொல்லலாமே?”

“எடியே, உன்ரை அத்தான் போன நாளிலை இருந்து எல்லாரும் என்னட்டை ஏதோ ஒண்டு கேக்கினம். ஆண்டவர் ஒருத்தர்தான் ஒண்டும் கேக்கிறேல்லை. அவரோடை கொஞ்சம் சும்மா இருந்திட்டு வந்தால்தான் நாளைக்கு எழும்ப ஏலும்.”

இதைக் கண்டு பக்கத்து வீட்டு மாமி உருகிப்போனார். மாமி நல்ல மனசுக்காரி. அதுதான் பிரச்சினையே. எங்கள் ஆட்களின் கண்ணில் ஒரு நல்ல காரியம் பட்டுவிட்டால், அதற்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் போடாமல் ஓயமாட்டார்கள். ‘மௌன செபக் குழு’ உதயமானது. அக்காதான் தலைவி. அவர் மறுத்துப் பார்த்தார்.

“பிள்ளை, நீதானே இதைத் தொடங்கினனீ. நீ இல்லாமல் எப்பிடி?” என்று மாமி வாயை அடைத்துவிட்டார்.

மின்சாரம் இல்லாத காலம். வீட்டில் விளக்குக்கே மண்ணெண்ணெய் கிடையாது. நாங்களோ ஜெனரேட்டர் போட்டு, மைக் கட்டி மௌனம் காத்தோம்! “இப்பொழுது அனைவரும் அமைதியாக இருப்போம்” என்று மாமி அறிவிப்பார். ஒருவர் இருமி முடிப்பதற்குள் பாட்டு, பாட்டு முடிந்ததும் மன்றாட்டு. வெளியே ஜெனரேட்டர் காது கிழியக் கத்தும். அக்கா முன்வரிசையில் இருந்துகொண்டு, யாருக்கு இடம் போதவில்லை, யாருக்குத் தேநீர் வரவில்லை என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்காவுக்கு நித்திரை குறைந்தது. முகம் வாடியது. கடைசியில் குழுவை மாமியிடம் ஒப்படைத்துவிட்டு விலகினார். அக்காவுக்குப் பக்தி குறைந்துவிட்டதாம், ஊர் பேசியது. பேசிய வாய்களை நான் மறக்கவில்லை. பிறகு அக்கா, சமையல் முடிந்ததும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா இருந்து பார்த்தார். அங்கேயும் உப்பு வேண்டும், நெருப்புப்பெட்டி வேண்டும் என்று ஒருவர் மாறி ஒருவர் தட்டினார்கள்.

நெஞ்சுநோவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பார்க்க வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று உரத்துச் செபித்தார்கள். அவர்கள் போனதும் அக்கா என் கையைப் பிடித்தார்.

“நீ இரு. ஒண்டும் கதையாதை.”

இருந்தேன். சன்னல் வெளிச்சம் சுவரில் மெல்ல நகர்ந்தது. அக்காவின் முகம் தெளிந்திருந்தது. அடுத்த நாள் காலையில் அவர் போய்விட்டார்.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ச் செய்தி சொன்னவர்களுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்தவர்களுக்கும், செத்த வீட்டில் இரவு பகலாகச் சமைத்துப் போட்ட மாமிக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.

ஆண்டுத் திருப்பலி முடிந்ததும் பேச்சு எதுவும் இருக்காது. இரண்டு வார்த்தை பேசும்படி மாமி என்னைக் கேட்டார். மாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டார். கோபிக்கட்டும். விரும்புகிறவர்கள் அரைமணி நேரம் வாங்கில் சும்மா இருந்துவிட்டுப் போங்கள்.

இன்னும் ஒன்று. போன கிழமை சேமக்காலைக்குப் போயிருந்தேன். அக்காவின் கல்லறையில் யாரோ பூ வைத்து மெழுகுதிரி கொளுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் முழந்தாளில் நின்று, “அக்கா, என்ரை மகனுக்காக ஆண்டவரிட்டைக் கேளுங்கோ” என்று அழுதுகொண்டிருந்தார். அவர் போகும்வரை காத்திருந்து, கல்லறைக்குப் பக்கத்தில் இருந்தேன். எனக்கும் கேட்க எத்தனையோ இருந்தன. ஒன்றும் கேட்கவில்லை.