சத்தம் போடாத காரும் சாம்பார் வாசனை வேனும்

எண்ணூரிலிருந்து வியாசர்பாடிக்கு என் மனைவியை எந்த வண்டியில் அனுப்புவது என்று எங்கள் தெருவே கூடி விவாதித்தது. அந்தக் கூட்டத்தில் இல்லாதவள் அவள் ஒருத்திதான். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் வளையலோடு வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

வளைகாப்பு முடிந்து அவளைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போகிற நாள். ஒன்பதாம் மாதம். முதல் பிள்ளை நான்காம் மாதத்திலேயே கலைந்துபோனதால், இந்த முறை அவள் இருமினால்கூட நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. தொங்கப் போடக்கூடாது, நீட்டி வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சரியாகத் தூங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது.

என்னிடம் இருந்தது ஒரு பழைய வேன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், மதியத்துக்கு மேல் பாத்திரக் கடைச் சரக்கு. பிள்ளைகள் கொட்டிய சாம்பார் தரையில் ஊறி, எத்தனை முறை கழுவியும் வாசனை போகாது. ஸ்டார்ட் செய்தால் கண்ணாடி, கதவு, ஓட்டுகிறவனின் பல் என்று எல்லாம் ஆடும்.

சகலை கொண்டுவந்தது வெள்ளை நிறத்தில் ஹைப்ரிட் கார். என் மனைவியின் அக்கா புருஷன் அவர். அத்திப்பட்டில் வேலைக்கு வந்த ஒரு வெளிநாட்டு என்ஜினியருக்கு டிரைவர். என்ஜினியர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். கார் தன்னுடையது என்று சகலை சொல்லவில்லை. தன்னுடையது இல்லை என்றும் சொல்லவில்லை.

"பாதி பெட்ரோல்ல ஓடும், பாதி பேட்டரில ஓடும். நின்னா இன்ஜின் தானா ஆஃப் ஆயிடும் சகல. ஏசி மட்டும் ஓடிகினே இருக்கும். உள்ள குந்தினா வூட்டாண்ட குந்திகினு இருக்கற மாதிரி கீது" என்றார்.

தெருவில் ஆளுக்கு ஒரு தடவை ஏறி உட்கார்ந்து பார்த்தார்கள். சீட் மெத்தென்று இருக்கிறது என்றது ஒரு கட்சி. குனிந்து ஏற வேண்டியிருக்கிறது, கூரை பின்னால் சரிகிறது என்றது இன்னொரு கட்சி. என் மாமியாருக்கு வண்டியை அளக்க ஒரே அளவுகோல்தான். மிச்சமிருந்த புளிசாதம், தேங்காய்சாதம், தயிர்சாதம் மூன்று அண்டாவையும் வியாசர்பாடியில் அவர்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கில் வீடு வீடாகக் கொடுக்க வேண்டும். காரின் பின்கதவைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுல ஒரு அண்டாவே போவாது மாப்ள. இதுக்குப் போயி இம்மாம் பெரிய கதவா?"

ஆக, அண்டாக்கள் என் வேனில், அவள் காரில் என்று முடிவானது. அந்த முடிவுக்கு முதலில் கை தூக்கியவன் நான்தான். அவளுடைய பிளாக்கே கூடிப் பார்க்க, வெள்ளைக் காரிலிருந்து அவள் இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவள் கால் வீக்கத்தைவிட என் வறட்டுக் கௌரவம் அன்று பெரிதாக வீங்கியிருந்தது.

நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக்கூடாது. சகலை, மாமியார், அவள் என்றால் மூன்று. நான்காவதாக அவளுடைய பெரியம்மா ஏறினார். பிள்ளைத்தாய்ச்சி ஓரத்தில் உட்கார்ந்தால் காத்து கருப்பு அண்டும் என்று பின்சீட்டில் அவளை நடுவே வைத்து இரண்டு பக்கமும் இருவர் உட்கார்ந்தார்கள். பெரியம்மா ஒருவரே இரண்டு பேர். பூ வைத்துத் தைத்த ஜடை கூரையில் இடித்ததால் அவள் தலையைச் சாய்த்தே உட்கார வேண்டியிருந்தது. கால் நீட்ட வசதியான முன்சீட்டில் மஞ்சள் குங்குமத் தாம்பாளம் சொகுசாக உட்கார்ந்து வந்தது. சகலை அதற்கு பெல்ட்டும் போட்டார்.

டோல்கேட்டுக்குச் சற்று முன்னால் கன்டெய்னர் லாரிகள் ஹார்பர் வரைக்கும் வரிசை கட்டி நின்றன. கார் முன்னால், என் வேன் பின்னால். ஒரு மணி நேரம் கழித்து முன்னால் நின்ற லாரி பத்தடி நகர்ந்தது. கார் நகரவில்லை. சகலை பின்பக்கம் திரும்பி, நியூட்ரலில் போட்டுவிட்டுக் காரின் வசதிகளை விளக்கிக்கொண்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? ஓடிப்போய் பானெட்டில் காது வைத்தேன். மூச்சுப் பேச்சு இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வண்டி நின்றுபோனால் யாரும் காரணம் கேட்பதில்லை, வந்து தள்ளுவார்கள். பக்கத்து வரிசையில் நின்ற லாரியின் டிரைவர், கிளீனர், டீ விற்கிறவர், சைக்கிளில் மீன் கொண்டுபோனவர் என்று ஆறு பேர் கை வைத்துவிட்டார்கள். கண்ணாடிக்கு உள்ளே சகலை கையை ஆட்டிக் கத்தினார். இன்னும் வேகமாகத் தள்ளச் சொல்கிறார் என்று நாங்கள் புரிந்துகொண்டோம். காரின் மூக்கு முன்னால் நின்ற லாரியின் முதுகில் போய் நின்றது.

"ஓடிகினுதான்யா கீது!" என்று சகலை அலறிக்கொண்டு இறங்கினார்.

"ஓடினா சத்தம் வரணும் நைனா. சத்தம் வர்லன்னா அது வண்டியா, போட்டோவா?" என்றார் லாரி டிரைவர்.

இந்தக் களேபரத்தில் அவள் தானாகவே இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் வேனுக்கு நடந்தாள். வளையல் சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

"தெருவே கேட்டுச்சு, எது நல்லா கீதுன்னு. என்னை ஒருத்தரும் கேக்கல. நீயாச்சும் கேட்டியா?"

எனக்கு அவமானமாக இருந்தது. வேனுக்குள் அண்டாக்களுக்குப் பக்கத்தில் ஒரு பாயை விரித்தேன். ஒருக்களித்துப் படுத்து, இரண்டு கால்களையும் புளிசாத அண்டாவின் மூடிமேல் தூக்கி வைத்துக்கொண்டாள். "சாம்பார் வாசன நல்லாத்தான் கீது" என்றாள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டாள், வாயைத் திறந்தபடி, நன்றாக.

தள்ளியவர்கள் புளிசாதம் கேட்டார்கள். அந்த அண்டாவைத் திறக்க முடியாது என்று சொல்லித் தேங்காய்சாதம் கொடுத்தேன். சாப்பிட்டு முடிக்கவும் எங்கள் வரிசை மட்டும் நகர ஆரம்பித்தது. நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருகினால் மொத்த வேனும் ஆடும். ஒரு மாதத்துத் தூக்கம் போய்விடும். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

லாரி டிரைவர் இறங்கி வந்து உள்ளே எட்டிப் பார்த்தார். கையைக் கழுவாமலே, ஹாரன் அடித்தவனைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். பிறகு அதே ஆறு பேரும் என் வேனின் பின்னால் போய்க் கை வைத்தார்கள். சகலையும் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்.

டோல்கேட் வரைக்கும் என் வேன் சத்தமே போடவில்லை. அவளும் விழிக்கவில்லை.